உங்களுக்குத் தெரியுமா? – காருக்கடியில் கடகட!

● காருக்குள் உட்கார்ந்து "சத்தம் எங்கிருந்து வருகிறது?" என்று காதாலேயே தேடினால் பெரும்பாலும் ஏமாந்துதான் போவோம். இரண்டு செவிகளுக்கும் ஒலி வந்து சேரும் நேரத்தில் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் நாம் திசையை அறிகிறோம். அந்த வித்தியாசம் மிக அதிகமாகப் போனாலும் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தொடாது. தாழ்ந்த ஒலிக்கு இந்த நேர வித்தியாசமும், கூர்மையான ஒலிக்குத் தலை மறைப்பதால் ஏற்படும் அளவு வித்தியாசமும் உதவுகின்றன என்று 1907-இல் விளக்கியவர் ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபு. திறந்த வெளியில் இந்த ஏற்பாடு அருமையாக வேலை செய்யும். காரில் நிலைமை வேறு. காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, இரும்பில் 5,000 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. கியர்பாக்ஸில் பிறந்த அதிர்வு மவுண்டிங் வழியாகப் பாடியில் ஏறி, டேஷ்போர்டுக்குப் பின்னால் தளர்ந்து கிடக்கும் ஒரு தகட்டை ஆட்டினால், கோளாறு டேஷ்போர்டில்தான் என்று காது அடித்துச் சொல்லும்.

நல்ல மெக்கானிக்குகள் "எங்கே சத்தம் வருது?" என்று கேட்பதற்கு முன்னால் "எப்ப வருது?" என்று கேட்பது இதனால்தான்.

● அந்த "எப்ப" என்ற கேள்விக்கு ஒரு பைசா செலவில்லாமல் பாதி விடை சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது. ஆள் நடமாட்டமோ போக்குவரத்தோ இல்லாத நேரான சாலையில், மூன்றாவது கியரில் 50 கி.மீ. வேகத்தில் போங்கள். வேகத்தை மாற்றாமல் நான்காவது கியருக்கு வாருங்கள். சக்கரம், ஆக்சில், டிஃபரன்ஷியல் எல்லாம் முன்பு சுற்றிய அதே வேகத்தில்தான் சுற்றுகின்றன. குறைந்திருப்பது இன்ஜினின் சுற்று மட்டும். சத்தம் கொஞ்சமும் மாறவில்லை என்றால், தேட வேண்டிய இடம் கியர்பாக்ஸைத் தாண்டி இருக்கிறது. மாறினாலோ மறைந்தாலோ இன்ஜின், க்ளட்ச், கியர்பாக்ஸ், சைலன்சர் பக்கம் திரும்பலாம்.

அடுத்து ஆக்சிலரேட்டர். மிதிக்கும்போது வருகிற சத்தமா, காலை எடுத்ததும் வருகிற சத்தமா? இரண்டில் ஒன்றில் மட்டும் வந்தால், வேகத்தைவிடப் பாரம்தான் அதை எழுப்புகிறது. பற்சக்கரங்களுக்கு இடையிலோ ஜாயிண்டிலோ மவுண்டிங்கிலோ "ப்ளே" (தளர்வு) வந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். கடைசியாக, வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை மெல்ல முறுக்கிக் கேட்க வேண்டும். சத்தம் அப்போதும் வந்தால் சக்கரம் வரைக்கும் போக வேண்டிய அவசியமே இல்லை.

ஓடும் வண்டியில் இன்ஜினை அணைத்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது வேண்டவே வேண்டாம். பவர் ஸ்டியரிங் போய்விடும். பிரேக்குக்கு இருக்கும் வேக்குவம் உதவி ஒன்றிரண்டு மிதியில் தீர்ந்துவிடும். சாவியை ஒரு படி கூடுதலாகத் திருப்பிவிட்டால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும்.

● எந்தச் சோதனைக்கும் முன்னால் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னியை இறுக்கும் திருகு, சீட்டுக்கு அடியில் உருண்ட தண்ணீர் பாட்டில் ஆகியவை கியர்பாக்ஸ் கோளாறு என்று பெயர் வாங்கிய வண்டிகள் ஏராளம்.

● நான்கு சிலிண்டர் இன்ஜின் 800 ஆர்.பி.எம். ஐடிலிங்கில் நிற்கும்போது விநாடிக்கு ஏறத்தாழ 27 முறை அதற்குள் எரிபொருள் வெடிக்கிறது. மூன்று சிலிண்டர் என்றால் 20 முறை. ஒவ்வொரு வெடிப்பும் கிராங்க் ஷாஃப்டை ஒரு தள்ளு தள்ளுகிறது. அடுத்த வெடிப்பு வருவதற்குள் அது சற்றே வேகம் இழக்கிறது. மீட்டரில் முள் அசையாமல் நிற்பதால் இன்ஜின் சீராகச் சுற்றுகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது விநாடிக்கு இருபது, முப்பது தடவை வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது.

இந்த ஏற்ற இறக்கம் க்ளட்ச் வழியாக அப்படியே கியர்பாக்ஸுக்குள் போகிறது. இன்றைய மேனுவல் கியர்பாக்ஸில் முன்னோக்கிய கியர்களின் பற்சக்கரங்கள் எல்லாம் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருக்கும். எந்தக் கியரில் போனாலும் பாரத்தைச் சுமப்பது ஒரே ஒரு ஜோடி. மற்றவை சும்மா உடன் சுற்றுகின்றன. நியூட்ரலில் எந்த ஜோடிக்கும் பாரமே கிடையாது. சும்மா சுற்றும் பல், எதிர்ப் பல்லின் ஒரு முகத்தில் தட்டி, விலகி, மறு முகத்தில் தட்டுகிறது. "கலகல" என்று காதில் விழுவது அதுதான். கியர் ராட்டில் என்று பொறியாளர்கள் சொல்லும் இந்தச் சத்தம் பெரும்பாலும் ஒரு கோளாறே கிடையாது.

பற்களுக்கு நடுவில் இடைவெளியே வைக்காமல் செய்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். இரும்பு சூடானால் விரியும். பற்களுக்கு நடுவே ஆயில் படலம் தங்கவும் இடம் வேண்டும். அந்த ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கான இடைவெளி இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் சூடேறி இறுகிப்போகும்.

● அப்படியானால் கவலைப்பட வேண்டிய சத்தம் எது? க்ளட்ச் பெடலைக் கேளுங்கள். வண்டி நியூட்ரலில், இன்ஜின் ஐடிலிங்கில், பெடலில் கால் படாமல் இருக்கட்டும். சத்தம் வருகிறதா? பெடலை முழுதாக மிதியுங்கள். சத்தம் நின்றுவிட்டால், அது கியர்பாக்ஸுக்குள் சுற்றும் இன்புட் ஷாஃப்ட் பக்கம். பற்களின் கலகலப்பாக இருக்கலாம், அல்லது பேரிங் தேய்ந்திருக்கலாம். பேரிங் தேய்ந்தால் கலகலப்போடு ஒரு கரகரப்பும் சேர்ந்துவரும்.

இதற்கு நேர்மாறாக, மிதித்தால் மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். அந்த பேரிங்கின் விலை குறைவு. அதை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பதால் கூலிதான் அதிகம். அதனால்தான் க்ளட்ச் ப்ளேட், பிரஷர் ப்ளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றச் சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. க்ளட்ச் ப்ளேட்டின் நடுவில் வட்டமாகச் சில ஸ்பிரிங்குகள் இருக்கும். இன்ஜினின் துடிப்பை மட்டுப்படுத்துவது அவற்றின் வேலை. அதில் ஒன்று உடைந்தாலும் ப்ளேட்டே கடகடக்கும். ஆகவே கியர்பாக்ஸை இறக்கியபின் பழைய ப்ளேட்டைக் கையில் வாங்கி, அந்த ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள்.

● ஈரத்துணியைப் பிழிவதுபோல, கனத்த எஃகுத் தண்டும் முறுகும். இன்ஜின் துடிப்பின் எண்ணிக்கையும் தண்டு தானே முறுகி அவிழும் எண்ணிக்கையும் ஒத்துப்போனால் அந்த முறுக்கல் பெருகிக்கொண்டே போகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆறு சிலிண்டர் கார்களின் நீளமான கிராங்க் ஷாஃப்டுகள் இதனால் உடைந்தே போயின. அதற்கு மருந்து கண்டவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர். கிராங்க் ஷாஃப்டின் முனையில் அதிர்வை விழுங்கும் டேம்பரைப் பொருத்தினார். இன்றும் பல கார்களில் கிராங்க் கப்பி இரண்டு வளையங்களாக, நடுவில் ரப்பர் வைத்துச் செய்யப்பட்டிருக்கும். ரப்பர் பிய்ந்துவிட்டால் வெளி வளையம் தள்ளாடிக் கடகடக்கும். பெல்ட் ஓடும்போது கப்பி நேராகச் சுற்றுகிறதா, கோணலாக ஆடுகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

● ஜெர்மனியின் லுக் நிறுவனம் 1985-இல் இன்னொரு வழியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஃப்ளைவீலை இரண்டாகப் பிளந்து, நடுவில் ஸ்பிரிங்குகளை வைத்தார்கள். அதுதான் டூயல் மாஸ் ஃப்ளைவீல். முதல் பாதி இன்ஜினோடு சேர்ந்து துடிக்கும். இரண்டாம் பாதி ஏறக்குறைய சீராகச் சுற்றும். அதிர்வு பெருகும் ஆபத்தான சுற்று ஐடிலிங்குக்குக் கீழே தள்ளப்பட்டுவிடுகிறது. இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் மட்டும் அந்தச் சுற்றைக் கடந்தாக வேண்டும். டீசல் காரை அணைக்கும் கணத்தில் "கட கட கட" என்று ஒரு உதறல் கேட்கத் தொடங்கினால் முதல் சந்தேகம் இந்த ஃப்ளைவீல்மீது விழுவது இந்தக் காரணத்தால்தான். இது விலை கூடிய பொருள். சிலர் இதைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஒற்றை ஃப்ளைவீலைப் போட்டுக்கொள்கிறார்கள். பணம் மிச்சம்தான், ஆனால் இதுவரை ஸ்பிரிங்குகள் விழுங்கிக்கொண்டிருந்த துடிப்பு முழுவதும் கியர்பாக்ஸ் பற்களுக்குப் போகும். அந்த மாற்றத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

● மைலேஜ் கிடைக்கும் என்று ஐந்தாவது கியரில் 1,200 ஆர்.பி.எம்.மில் மேடேறுபவர்கள் கவனிக்க. குறைந்த சுற்றில் வெடிப்புகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். ஆக்சிலரேட்டரை அழுத்துவதால் ஒவ்வொரு வெடிப்பின் பலமும் அதிகம். பற்கள் கடகடக்க இதைவிடத் தோதான நிலைமை கிடையாது. கியரை ஒன்று குறைத்ததும் சத்தம் போய்விட்டால் மெக்கானிக்கிடம் போக வேண்டாம்.

● சத்தம் குளிரில் வருகிறதா, சூட்டில் வருகிறதா என்பதும் பெரிய துப்பு. கியர் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது சும்மா சுற்றும் பற்களை அதுவே இழுத்துப் பிடிக்கும். ஆயில் சூடேறி இளகினால் பிடி தளரும், கலகலப்பு கூடும். இன்ஜின் டைமிங் செயின் இதற்கு நேர் எதிர். இரவெல்லாம் நின்ற வண்டியில் செயின் டென்ஷனரிலிருந்து ஆயில் வடிந்திருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு விநாடி செயின் தளர்ந்து தட்டும். ஆயில் அழுத்தம் ஏறியதும் அடங்கிவிடும். இந்த ஓரிரு விநாடி நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனால் தள்ளிப்போடாதீர்கள். செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளக்கூடும்.

● அடியில் இருந்து வரும் தகரச் சத்தத்துக்கு அடிக்கடி காரணமாக இருப்பது, ஒரு கையால் தூக்கக்கூடிய மெல்லிய தகடு ஒன்று. சைலன்சர் குழாயின் சூடு பாடிக்கும் பெட்ரோல் டேங்குக்கும் போகாமல் தடுக்கும் ஹீட் ஷீல்டு அது. மழைநீரில் ஊறி, அதன் போல்ட் ஓட்டையைச் சுற்றித் துரு ஏறும். ஓட்டை பெரிதாகும். தகடு போல்ட்டின் தலையைவிட்டு நழுவும். அதற்குப்பின் இன்ஜின் ஒரு குறிப்பிட்ட சுற்றுக்கு வரும்போது மட்டும், உதாரணமாக 1,800-க்கும் 2,000-க்கும் நடுவில், தகடு தன் இயல்பான அதிர்வெண்ணில் ஆடத் தொடங்கும். சுற்று ஏறினால் சத்தம் நின்றுவிடும். "ஒரு குறிப்பிட்ட இடத்துல மட்டும் கடகடங்குது சார்" என்பது இந்தத் தகட்டின் கையெழுத்து என்றே சொல்லலாம்.

என்னை வருத்துவது இதுதான். இந்தத் தகட்டுக்காகக் கியர்பாக்ஸை இறக்கிய குடும்பங்கள் இருக்கின்றன. மாதத் தவணையில் கார் வாங்கியவர்கள், சத்தம் போகாமலே இரண்டாவது முறையும் பில் கட்டுகிறார்கள். சைலன்சர் முழுதாக ஆறியபின், கையுறை போட்டுக்கொண்டு அந்தத் தகட்டைத் தட்டிப் பார்த்தால் போதும். சத்தம் அங்கேயே கேட்டுவிடும். பெரிய வட்டமான ஹோஸ் கிளிப் ஒன்றைப் போட்டு இறுக்கினால் பல வண்டிகளில் வேலை முடிந்தது. தகட்டையே பிய்த்து எறிந்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். கூடாது. அதற்கு மேலே பெட்ரோல் குழாயோ தரைவிரிப்போ இருக்கலாம். காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தினால் கீழேயும் தீப்பற்றலாம்.

● அதே சைலன்சர் வரிசையில் இன்னொரு சந்தேக நபர், கேட்டலிடிக் கன்வர்ட்டர். அதற்குள் இருப்பது பீங்கான். சதுர அங்குலத்துக்கு 400 நுண்துளைகள் கொண்ட தேன்கூட்டு அமைப்பு சர்வ சாதாரணம். அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் ராட்னி பேக்லி, இர்வின் லாக்மன், ரொனால்டு லூயிஸ் ஆகியோர் 1970-களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார்கள். இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு இந்தக் கருவி கட்டாயமானது. இன்ஜினில் மிஸ்ஃபயர் இருந்து, எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்தால் பீங்கான் உருகும். கல்லில் இடித்தால் உடையும். உடைந்த துண்டுகள் குலுங்கும் சத்தம் ஐடிலிங்கிலேயே கேட்கும். வண்டி இழுவை குறைந்து, கூடவே இந்தச் சத்தமும் இருந்தால் துண்டுகள் வழியை அடைக்கின்றன என்று பொருள். ஆறிய நிலையில் ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டினால் தெரிந்துவிடும்.

● பின்சக்கரங்களை இன்ஜின் இயக்கும் வண்டிகளில் ப்ரொபெல்லர் ஷாஃப்டின் இரு முனையிலும் இருக்கும் "யூ ஜாயிண்ட் கிராஸ்" மிகப் பழைய யோசனை. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயரும், பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயரான ராபர்ட் ஹூக்கின் பெயரும் இதற்கு வழங்குகின்றன. இதைக் காருக்கு ஏற்றபடி, கிரீஸும் உறையும் சேர்த்து 1903-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கர் கிளாரன்ஸ் ஸ்பைசர்.

இந்த ஜாயிண்டுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. இரண்டு தண்டுகளும் கோணத்தில் இருந்தால், ஒன்று சீராகச் சுற்றினாலும் மற்றொன்று ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 20 டிகிரி கோணத்தில் அந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஆறு சதவீதம். இரு முனையிலும் ஒவ்வொன்று வைத்து, இரண்டு முனைக் கவைகளையும் ஒரே தளத்தில் பொருத்தினால் ஒன்றின் ஏற்றத்தை மற்றொன்றின் இறக்கம் சரிக்கட்டிவிடும். ஷாஃப்டைக் கழற்றிப் பூட்டும்போது ஸ்ப்ளைனில் சில பல் தள்ளிப் பூட்டிவிட்டால் இந்தக் கணக்குக் கெடும். "கிராஸ் மாத்தின பிறகுதான் அதிருது" என்ற புகாருக்கு இதுவே காரணமாக இருக்கலாம். கழற்றுவதற்கு முன்னால் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவைப்பது நல்ல பட்டறையின் அடையாளம்.

அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு இந்த கிராஸ் தேய்ந்த சத்தம் மறக்காது. முதல் கியர் போட்டு க்ளட்சை விட்டதும் அடியில் ஒரு "டங்". ரிவர்ஸ் போட்டால் இன்னொரு "டங்". சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இன்ஜின் அணைந்த நிலையில், ஷாஃப்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் திருகிப் பார்த்தால் கிராஸின் ப்ளே விரலுக்கே தெரியும்.

● சில வண்டிகளின் ப்ரொபெல்லர் ஷாஃப்டுக்குள் கார்டுபோர்டு குழாய் செருகியிருப்பார்கள். வெற்று இரும்புக் குழாய் மணிபோல் ஒலிக்காமல் தடுக்கத்தான் அது.

● முன்சக்கர வண்டியில் அதே சக்கரம் திரும்பவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். ஹூக்கின் ஜாயிண்ட் அதற்குச் சரிப்படாது. ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் குதிக்கும். ஃபோர்டில் பொறியாளராக இருந்த ஆல்ஃபிரட் ர்செப்பா 1920-களில் ஆறு எஃகு உருண்டைகளை வைத்து, எந்தக் கோணத்திலும் சீராகச் சுற்றும் சி.வி. ஜாயிண்டை வடிவமைத்தார். 1959-இல் அலெக் இசிகோனிஸின் மினி கார் அந்தத் தத்துவத்தைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுபோனது. நம் ஊரில் அது வீட்டுக்கு வீடு வந்தது 1983 டிசம்பரில் அறிமுகமான மாருதி 800 மூலம்.

வெளிப்பக்க ஜாயிண்ட் தேய்ந்தால் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெல்ல நகர்த்தும்போது "டக் டக் டக்" என்று கேட்கும். உட்பக்க ஜாயிண்ட் தேய்ந்தால் நேராகப் போகையில் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது உதறும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ வால்பாறையின் 40 வளைவுகளிலோ ஏறி இறங்கும் வண்டிக்கு வெளிப்பக்க ஜாயிண்டின் நிலைமை ஒரே பயணத்தில் தெரிந்துபோகும்.

இந்த உருண்டைகள் தாமாகக் கெட்டுப்போவது குறைவு. அவற்றை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியே தெறித்து, மணலும் தண்ணீரும் உள்ளே போவதால்தான் பெரும்பாலும் கெடுகின்றன. சக்கரத்தின் உட்பக்கம் கருப்புக் கிரீஸ் சிதறியிருந்தால் சத்தம் வரும்வரை காத்திருக்காமல் பூட்டை மாற்றிவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு ஆக்சில் விலையில் சிறு பகுதி.

● வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரங்கள் தொங்க, கியரில் ஓடவிட்டுச் சத்தம் கேட்பது பல பட்டறைகளில் வழக்கம். சக்கரம் தொங்கும்போது ஆக்சில் ஜாயிண்டுகள் சாலையில் ஒருபோதும் வராத கோணத்துக்கு மடங்குகின்றன. நல்ல ஜாயிண்டும் அந்த நிலையில் தட்டும். வண்டி தரையில் நிற்கும் உயரத்துக்குச் சஸ்பென்ஷன் கையைத் தாங்கிப் பிடித்த பிறகு கேட்பதே சரி. வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும்.

● டிஃபரன்ஷியல் கடகடப்பதைவிட ஊளையிடுவதே அதிகம். பற்சக்கரப் பல்லின் ஒரு முகம் வண்டியைத் தள்ளும்போதும் மறுமுகம் இன்ஜின் பிரேக்கின்போதும் வேலை செய்கிறது. ஊளை எந்த நிலையில் வருகிறது என்பதை வைத்து எந்த முகம் தேய்ந்தது என்று சொல்லிவிடலாம். ஷாஃப்டைத் தாழ்த்திப் பொருத்த உதவும் ஹைப்பாய்டு பற்சக்கரங்கள் 1920-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பேக்கர்டு கார்களில் வந்தன. அந்தப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால் கந்தகம் சேர்ந்த ஆயில் தேவை. மூக்கைத் துளைக்கும் அந்த வாடைக்குக் காரணம் அதுவே. ஜி.எல்.-5 என்ற தரக்குறியுள்ள அந்த ஆயிலை மேனுவல் கியர்பாக்ஸிலும் ஊற்றிவிட்டால் உள்ளே இருக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் பாதிக்கப்படக்கூடும். கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அது மட்டும்.

● பழைய நான்கு கியர் பின்சக்கர கார்களில் டாப் கியர் என்பது நேரடி இணைப்பு. பாரம் எந்தப் பற்சக்கர ஜோடி வழியாகவும் போகாது. கீழ்க் கியர்களில் வரும் சத்தம் டாப்பில் மட்டும் அடங்கினால், கீழ்க் கியர்களில் பாரத்தைச் சுமக்கும் லே ஷாஃப்டின் பேரிங்கைப் பார்க்கச் சொல்வார்கள் பழைய ஃபோர்மேன்கள்.

● 1816-இல் பாரிஸில் மருத்துவர் லனெக் ஒரு தாளைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார், ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. மெக்கானிக்கின் ஸ்டெதாஸ்கோப் நீண்ட ஸ்க்ரூ டிரைவர். முனையை பேரிங் ஹவுசிங்கில் வைத்து, கைப்பிடியைக் காதருகே எலும்பில் அழுத்தினால் அந்த பேரிங் மட்டும் பேசும். தலைமுடியும் சட்டையும் சுற்றும் பெல்ட்டுக்கு அருகில் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடும் வண்டியில் கேட்பதற்கு, நாலைந்து இடங்களில் கிளிப்போடு மாட்டக்கூடிய மைக்குகளும் அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்க ஒரு ஹெட்ஃபோனும் சேர்ந்த கருவி கிடைக்கிறது. எந்த மைக்கில் சத்தம் பெரிதோ, அங்கே தேட வேண்டியதுதான்.

● உங்கள் செல்போனும் துப்பறியும். கலவையான ஒலியைத் தனித்தனி அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கின் வித்து ஃபிரெஞ்சு அறிஞர் ஃபூரியருடையது. அதைக் கணினியில் விரைவாகச் செய்யும் முறையை 1965-இல் கூலியும் டூக்கியும் வெளியிட்டார்கள். இன்று இலவச ஸ்பெக்ட்ரம் செயலிகள் அந்த வேலையைச் செய்கின்றன. டயரின் சுற்றளவு 1.8 மீட்டர் என்றால், 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் விநாடிக்கு ஒன்பது தடவைக்குச் சற்று அதிகமாகச் சுற்றும். ஆக்சில் விகிதம் நான்கு என்றால் பின்சக்கர வண்டியின் ஷாஃப்ட் 37 தடவை. இன்ஜின் 2,400 ஆர்.பி.எம்.மில் இருந்தால் நான்கு சிலிண்டரில் 80 வெடிப்பு. பதிவில் தட்டல்கள் இந்த மூன்று எண்களில் எதை ஒட்டி வருகின்றன என்று பாருங்கள். பதிவை உடன் வருபவர் செய்யட்டும். ஓட்டுபவர் கையில் போன் வேண்டாம்.

● மேடு பள்ளத்தில் மட்டும் கடகடக்கிறதா? பிரேக் பெடலை மெல்லத் தொட்டுக்கொண்டு அதே பள்ளத்தில் இறக்குங்கள். சத்தம் நின்றால் பிரேக் பேடைப் பிடிக்கும் கிளிப் தளர்ந்திருக்கிறது. நிற்காவிட்டால் ஸ்டெபிலைசர் லிங்க்கைப் பாருங்கள்.

● திடீரென்று சக்கரத்திலிருந்து இரும்பை அரைப்பது போன்ற கிறீச்சிடல். மண்சாலையில் போய்வந்தீர்களா? டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் நடுவில் ஒரு சிறு கல் சிக்கியிருக்கலாம். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் பல நேரம் தானாகவே விழுந்துவிடும்.

● டயர் மாற்றிய ஓரிரு நாளில் "டக் டக்" என்று புதிதாக ஒரு சத்தம் கேட்டு, அது வேகத்தோடு கூடினால், வண்டியை அங்கேயே ஓரங்கட்டுங்கள். வீல் நட் தளர்ந்திருக்கலாம். இது ஒன்றில் மட்டும் வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

● மேட்டில் பெரிய கியரில் அழுத்தும்போது தகர டப்பாவில் கோலி குலுங்கும் ஓசை வந்தால், அது எந்தப் பாகமும் தளர்ந்த சத்தம் இல்லை. சிலிண்டருக்குள் எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடிக்கும் "நாக்கிங்". ஏறத்தாழ 6,000–7,000 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் அதைக் கேட்டு நெருப்பிடும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ள, இன்ஜினில் நாக் சென்சார் இருக்கிறது.

● ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கு: இன்ஜினையும் டார்க் கன்வர்ட்டரையும் இணைப்பது ஃப்ளெக்ஸ் ப்ளேட் என்ற மெல்லிய எஃகுத் தட்டு. அதில் விரிசல் விட்டாலும், கன்வர்ட்டர் போல்ட் தளர்ந்தாலும் இன்ஜின் கனெக்டிங் ராட் பேரிங் போனது போலவே தட்டும். "இன்ஜினைப் பிரிக்கணும்" என்ற வார்த்தை வந்தால், முதலில் அடிமூடியைக் கழற்றி அந்த போல்ட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

● பட்டறையில் வண்டியை விடும்போது "சத்தம் வருது, பாருங்க" என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். எந்தக் கியர், எந்த வேகம், எத்தனை ஆர்.பி.எம்., குளிரிலா சூட்டிலா, க்ளட்ச் மிதித்தால் என்ன ஆகிறது, எந்த வேலைக்குப் பிறகு தொடங்கியது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மெக்கானிக்கோடு ட்ரயலுக்கு நீங்களும் போங்கள்; அவரையே ஓட்டவிட்டு, சத்தம் வரும் கணத்தில் "இதோ, இதுதான்" என்று காட்டுங்கள். இந்தக் கேள்விகளை உங்களிடம் கேட்காமலே "கியர்பாக்ஸை இறக்கிடலாம்" என்று சொல்லும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

● எலெக்ட்ரிக் காரில் க்ளட்ச் இல்லை, சிலிண்டர் வெடிப்பு இல்லை, சைலன்சர் தகடும் இல்லை. ஆனால் பற்சக்கரம் இருக்கிறது. பெரும்பாலான மாடல்களில் சக்கரம் ஒருமுறை சுற்ற மோட்டார் எட்டு முதல் பதினொரு முறை சுற்றுகிறது. காலை எடுத்ததும் மோட்டாரே பிரேக்காக மாறுவதால், பல்லின் மேல் விழும் பாரம் ஒரு நொடியில் முகம் மாறுகிறது. கம்ப்யூட்டர் அந்த மாற்றத்தை மெதுவாக்கி, பற்கள் மெல்லத் தொட்டுக்கொள்ளும்படி பார்த்துக்கொள்கிறது. ஆக்சில் ஸ்ப்ளைனிலோ ஜாயிண்டிலோ ப்ளே வந்துவிட்டால், மிதிக்கும்போது ஒரு "டிக்", விடும்போது ஒரு "டிக்". இன்ஜின் இரைச்சல் மூடி மறைக்காததால், பெட்ரோல் காரில் பல மாதம் கழித்துக் காதில் விழுந்திருக்கக்கூடிய தேய்மானம் இங்கே தொடக்கத்திலேயே கேட்டுவிடுகிறது.